ஆட்டுப் பரண், கோழிக்கூண்டு, வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தரைவீட்டின் பின்புறத்தில் நாலு கோழி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், பாலம் தாண்டி ஜொகூரில் ஓர் ஏக்கர் வாங்கிப் போட்டிருப்பவர்கள், தமிழ்நாட்டில், ஊரில் அண்ணனோ மாமாவோ பார்த்துக்கொள்ளும் நிலத்துக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்கள் எனப் பலரும் கேட்பவை இங்கே உள்ளன. எந்தப் பதில் எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் வீட்டிலேயே ஆடு, கோழி வளர்க்க முடியுமா?

ஆடு முடியாது. அது பண்ணை விலங்கு. உரிமம் பெற்ற பண்ணையில்தான் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தேக்கா முழுக்க மாட்டுக் கொட்டகைகள் இருந்தன என்று தாத்தாக்கள் சொல்லக் கேட்டு, "அப்போ முடிந்ததே" என்று சிலர் வாதாடுவார்கள். அப்போது முடிந்தது, சரி. இன்று மொத்த நிலத்தில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் விவசாயத்துக்கு. அதுவும் லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம்தான்.

கோழி வேறு கதை. விற்பனைக்காக இல்லாமல் ஆசைக்கு வளர்ப்பதானால் 10 வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் திறந்துவிட்டு மேய விடக் கூடாது. காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாத கூண்டில் இருக்க வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் இந்த ஆசையே வேண்டாம். தரைவீடாக இருந்தாலும், கூண்டுக்கு ஆள் கூப்பிடும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தரைவீட்டுக் கோழிக்கூண்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே முழுக் கூரை, நாலு பக்கமும் வலை. வெறும் வலையை மேலே விரித்தால் மைனாவும் புறாவும் நுழையாது, ஆனால் அவற்றின் எச்சம் விழும். பறவைக் காய்ச்சல் எச்சம் வழியாகவும் பரவும் என்பதால்தான் கூரையை வற்புறுத்துகிறேன். தீவனமும் தண்ணீரும் கூரைக்கு நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம்.

தண்ணீர்த் தட்டைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள். கூண்டுக்குப் பின்னால் கிடக்கும் வாளி, மடங்கிய தார்ப்பாய், குழாயடி எல்லாமே டெங்கிக் கொசு முட்டையிடும் இடங்கள். சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்த்தால் கோழியைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார், தார்ப்பாயைத்தான் தூக்கிப் பார்ப்பார்.

சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. 2017இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகள் சத்தம் பற்றிய புகார்களுக்குப் பின் கொல்லப்பட்டு, அது பெரிய விவாதமாயிற்று. அவை யாருடைய வளர்ப்புக் கோழியும் அல்ல. ஆனாலும் விடிகாலைக் கூவலை நம் அக்கம்பக்கம் எவ்வளவு தூரம் பொறுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நிலம் இருக்கிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. முதலில் வேலியா, கொட்டகையா?

எல்லாரும் வேலியில் தொடங்குகிறார்கள். எல்லை தெரிய வேண்டும் என்ற ஆசை அது. நான் கொட்டகை என்பேன், அதிலும் தரையும் கூரையும் முதலில்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்தால் காற்றை அடைப்பது, சூட்டைக் காப்பது என்றே போகும். நமக்கு அது தலைகீழ். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, 170 நாளுக்குக் குறையாமல் பெய்கிறது. தெற்கு ஜொகூரிலும் மழைக்குக் குறைவில்லை. இந்த ஈரத்தில் ஆட்டின் குளம்பு அழுகுகிறது, குடற்புழு பெருகுகிறது, குட்டிக்கும் குஞ்சுக்கும் இரத்தக் கழிச்சல் வருகிறது. இவற்றில் எதையும் வேலி தடுக்காது.

தமிழ்நாட்டில் ஆண்டு மழை சராசரி ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் வந்து கொட்டிவிடும். அதனால் ஊரில் ஒன்பது மாதம் எந்தக் கொட்டகையும் நல்ல கொட்டகையாகத்தான் தெரியும். ஐப்பசி பிறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வேலி முடியும் வரை ஆட்டைக் கொட்டகையிலேயே வைத்துத் தழை வெட்டிப் போடலாம். லிம் சூ காங்கில் இருக்கும் ஹே டெய்ரீஸ் ஆட்டுப் பண்ணையில் மேய்ச்சலே கிடையாது; இறக்குமதி செய்த காய்ந்த தீவனத்தைக் கொட்டிலிலேயே கொடுக்கிறார்கள்.

பரண் எப்படிப் போடுவது?

தரையிலிருந்து 4 அடி உயரத்தில் சட்டம் சட்டமாக அடித்த தளம். சிறுநீரும் புழுக்கையும் இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த தளத்தில் படுக்கும். அவ்வளவுதான் பரண். உயரத்தை 3 அடியாகக் குறைத்தால் மரமும் காசும் மிச்சமாகும், ஆனால் அடியில் குனிந்து கூட்டி அள்ள ஒருவரும் மனமுவந்து போக மாட்டார்கள். அள்ளாத புழுக்கை ஈரத்தில் ஊறி அம்மோனியா மேலே கிளம்பும். அப்புறம் பரண் போட்டதன் பயனே போய்விடும்.

இடைவெளிதான் உயிர்நாடி. பெரிய ஆட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போதும், 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குட்டிகள் இருக்கும் பகுதிக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. தச்சர் கண்மதிப்பில் அடித்தால் ஓரிடத்தில் புழுக்கை அடைத்துக்கொள்ளும், இன்னோரிடத்தில் குட்டியின் கால் இறங்கும். அளவுக்கு ஒரு மரத்துண்டைச் சீவிக் கையில் கொடுத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே அதை வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

மரமா பிளாஸ்டிக்கா என்றால், வசதி இருந்தால் பிளாஸ்டிக். கழுவ எளிது, சிறுநீரில் உளுக்காது. மரமென்றால் ஜொகூரில் கெட்டி மரம், ஊரில் பனஞ்சட்டம். இரும்புக் கம்பித் தளம் போடச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். துருப்பிடிக்கும், குளம்பை அறுக்கும்.

ஏறும் சாய்தளம் செங்குத்தாக இருக்கக் கூடாது, குறுக்கே கட்டைகள் அடித்திருக்க வேண்டும். இளம் ஆடு எதிலும் ஏறிவிடும். மழையில் நனைந்த பலகையில் சினை ஆடு வழுக்கினால் குட்டி போய்விடும். பரணின் கீழ்த்தரையைச் சரிவாக சிமெண்டு பூசி ஒரு பக்கம் வாய்க்காலுக்குக் கொண்டுபோங்கள்.

ஓர் ஆட்டுக்கு எவ்வளவு இடம்?

பெரிய பெட்டை ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, கிடாய்க்கு அதைப்போல் இரு மடங்கு, குட்டிக்கு 4 அல்லது 5. சினை முற்றிய ஆட்டுக்கும் ஈன்ற ஆட்டுக்கும் தனித் தடுப்பு வேண்டும். கிடாயைத் தனியாக, காற்று வீசும் திசைக்கு மறுபக்கம் வையுங்கள்; நாற்றம் பாலில் ஏறும் என்பது பழைய ஆட்களின் அனுபவம், நானும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

கூரைக்கு எது நல்லது?

ஜிங்க் தகடு எங்கும் கிடைக்கும், ஆனால் நண்பகலில் கீழே நிற்க முடியாது. உயரமாகப் போடுங்கள், உச்சியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள், மேற்புறம் வெள்ளை அடியுங்கள். ஊரில் கீற்றுதான் குளிர்ச்சி. மழை வந்தால் எலியும் பூச்சியும் அதிலேயே குடியேறும், இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியும் வரும்.

கூரையின் பொருளைவிட அது வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முக்கியம். குறைந்தது 3 அடி. விடியலுக்கு முன் வரும் சுமத்ராக் காற்றுமழை நேராக விழாது, பக்கவாட்டில் அடிக்கும். 1 அடி நீட்டிய கூரையில் முன்வரிசை ஆடுகள் எல்லாம் நனைந்து, பின்பக்கம் ஒடுங்கி நிற்கும். கொட்டகையின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே பாயாது.

ஆட்டையும் கோழியையும் ஒரே கொட்டகையில் வைக்கலாமா? பரணுக்கு அடியில் கோழி விடுவது நல்லது என்கிறார்களே?

பரணுக்கு அடியில் சிந்தும் தீவனத்தையும் புழுவையும் கோழி பொறுக்கித் தின்னும், இடமும் மிச்சம் என்று சொல்வார்கள். வறண்ட ஊரில், பகலில் மட்டும், அடித்தரை தினமும் கூட்டப்பட்டால் ஏற்றுக்கொள்ளலாம். ஜொகூரில் வேண்டாம். மேலிருந்து சிறுநீர் சொட்டும் ஈரத்தில் நாள் முழுக்க நிற்கும் கோழி எப்படித் தேறும்?

மறுபக்க ஆபத்து இன்னும் பெரிது. கோழிக்கு உயரத்தில் அடையப் பிடிக்கும். பரண் தடுப்பில் ஏறி உட்கார்ந்து ஆட்டின் தழையிலும் தண்ணீரிலும் எச்சமிடும். அதைவிட மோசம் கோழித் தீவனம். கதவு திறந்திருக்கும் ஒரே ஒரு மாலை போதும், ஆடு கோழித் தீவன மூட்டையைக் கண்டுபிடித்துவிடும். அரைத்த தானியத்தை வயிறு நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, உப்பி, ஒன்றிரண்டு நாளில் சாகும். நல்ல மருத்துவர் பக்கத்தில் இருந்தாலும் காப்பாற்றுவது கடினம். ஒரே கூரையின் கீழ்தான் என்றால் நடுவில் முழுச்சுவர் எழுப்புங்கள். தீவன அறைக்குத் தனிக் கதவும் தாழும் போடுங்கள். கோழி மட்டும் நுழையும் சிறிய துளை வழியே தீவனம் வைப்பதும் ஒரு வழி.

ஆட்டுக்கு எந்த வேலி நிற்கும்?

தண்ணீர் ஒழுகாத வேலிதான் ஆட்டைப் பிடித்து வைக்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடு தாண்டும், அடியில் நுழையும், தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும்விட வேலியை அதிகம் கெடுப்பது முன்னங்காலை ஊன்றிச் சாய்வது. நாள்தோறும் சாய்ந்து சாய்ந்தே வலையைத் தொட்டிலாக்கிவிடும்.

4 அடி உயர பின்னல் கம்பிவலை போதும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடு போன்ற நெட்டையான இனம் என்றால் 5 அடி. கண் அளவு 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 15 சென்டிமீட்டர் கண்ணில் கொம்புள்ள ஆடு தலையை நுழைக்கும், எடுக்க வராது. அப்படி மாட்டிய ஆட்டை நாய் வந்து கடித்துப்போட்ட கதைகளை எல்லா ஊரிலும் கேட்கலாம்.

வலையைத் தூணின் உட்பக்கம், அதாவது ஆடு நிற்கும் பக்கம் கட்டுங்கள். வெளிப்பக்கம் கட்டினால் ஆடு சாயச் சாயக் கட்டுக்கம்பிதான் பாரத்தைத் தாங்கும், கழன்றுவிடும். மூலைத்தூணுக்குக் கொடுக்கும் சாய்வு முட்டு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் ஆட்டுக்குப் படிக்கட்டு வைத்துக் கொடுத்ததாகிவிடும். வேலியோரம் தீவனத் தொட்டி, கல்திட்டு எதுவும் இருக்கக் கூடாது. தூண்களுக்கு நடுவே 8 முதல் 10 அடி. ஊரில் கல்லுக்கால் கிடைக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம். ஜொகூர் மண்ணில் மரத்தூண் கறையானுக்குத்தான்.

முள்கம்பி மட்டும் இழுத்த வேலி மாட்டுக்கு. ஆடு அதை மதிக்காது, மடி கிழிந்தால் நமக்குத்தான் நட்டம்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டின் மேலுதடு விரல் மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டில் தள்ளும் சாதாரணத் தாழ்ப்பாளை நக்கி, நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் திறந்துவிடும்; ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை பின்னால் வரிசையில் நிற்கும். தாழை வெளிப்பக்கம் வைத்து, சங்கிலி ஒன்றையும் கொக்கியில் மாட்டுங்கள். கதவு உள்நோக்கித் திறக்கட்டும். ஆடுகள் மொத்தமாக வந்து முட்டினால் அது இன்னும் இறுக மூடும்.

மின்வேலி போடலாமா?

இதற்கென்றே விற்கும் கருவி, நொடிக்கு ஒருமுறை சிறு துடிப்பாக மின்சாரம் தருவது, அதுமட்டும்தான். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைப்பது கொலைக்குச் சமம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அதில் மனிதர்களும் யானைகளும் சாகிறார்கள், சட்டப்படி குற்றமும்கூட. பக்கத்து நிலத்துக்காரர் செய்கிறார் என்று உங்கள் அண்ணன் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆட்டுக்குக் கம்பியில் 4,000 வோல்ட்டாவது வேண்டும். ஈர நாட்டில் புல் வேகமாக வளர்ந்து கம்பியைத் தொடும், மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் கசிந்து கம்பி செத்துக் கிடக்கும். வாரந்தோறும் புல் வெட்ட ஆள் இல்லாத ஜொகூர் நிலத்துக்கு முழு மின்வேலி பொருந்தாது. பின்னல் வலையின் உட்பக்கம், ஆட்டின் மூக்கு உயரத்தில் ஒற்றைக் கம்பி ஓடவிடுவது நல்ல யோசனை. சாயும் பழக்கம் சில நாளில் போய்விடும்.

உயிர்வேலி?

கொங்குநாட்டுக் கொறங்காடுகளைப் பாருங்கள். கரூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் கிளுவை என்ற முள்மர வேலி தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. காசு குறைவு, நிழலும் தழையும் வரவு. ஆனால் கெட்டியாக ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆட்டை உள்ளே விட்டால் நட்ட போத்தை, அதாவது வெட்டி நட்ட கிளைத்துண்டுகளை எல்லாம் தின்று தீர்த்துவிடும். ஜொகூரில் கிளிசரிடியா மரத்தின் போத்து எளிதாக வேர் பிடிக்கும். கம்பிவலைக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். வெட்டி உள்ளே போட்டால் தீவனமும் ஆயிற்று.

கோழிவலை போட்டும் கோழி காணாமல் போகிறதே?

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான். வெளியே இருந்து வருவதைத் தடுக்க அது செய்யப்படவில்லை. நாய் கிழித்துவிடும். எலி கடித்துத் துளை போடும்.

சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் பெரிய தொல்லை மலைப்பாம்பும் உடும்பும். உடும்பு பகலில் வரும், வலையின் அடியில் மண்ணைப் பறிக்கும், முட்டையைக் குறிவைக்கும். மலைப்பாம்பு இரவில் வரும். காலையில் கூண்டைத் திறந்தால் ஒரு கோழி இல்லை, மூலையில் வயிறு புடைத்த பாம்பு சுருண்டு கிடக்கிறது. நுழைந்த ஓட்டை வழியே வெளியேற அதற்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. அந்த ஓட்டையைத் தேடினால் பெரும்பாலும் வலையில் இருக்காது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலோ, கூரைத் தகட்டின் அலை வளைவுக்கு அடியிலோ இருக்கும். கூரையலையின் அந்த இடுக்கை எந்தக் கொத்தனாரும் தானாக அடைக்க மாட்டார். நீங்கள் சொல்ல வேண்டும்.

கூண்டின் எல்லாப் பக்கமும் 12 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். அடியில் அதே வலையை வெளிப்புறமாக மடித்து 2 அடி அகலத்துக்குத் தரையில் கிடத்தி, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். பறிக்கும் விலங்கு சுவரோரம்தான் பறிக்கும், வலையில் நகம் மாட்டியதும் விட்டுவிடும். 2 அடி தள்ளிப் போய்த் தொடங்கும் அறிவு அதற்கு வராது. ஊரில் கீரி, மரநாய், தெருநாய்க்கும் இதுவே போதும். பருந்துக்கு மேலே வலை.

பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். சிங்கப்பூரில் வனவிலங்குச் சட்டப்படி கொல்வதும் பிடிப்பதும் குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்தால் ஆள் அனுப்புவார்கள்.

கோழித் தரையில் என்ன பரப்புவது?

ஊரில் உமியோ கடலைத் தோலோ தேங்காய் நாரோ, இங்கே மரச்சீவல். 3, 4 அங்குலம் பரப்பி, நனைந்த இடத்தை உடனே அள்ளிவிட்டு, இடையிடையே கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள்: உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அம்மோனியா வாடையை நின்றபடி பார்க்காதீர்கள். குனிந்து கோழித்தலை உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் முகருங்கள். உங்கள் கண் கரித்தால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும் கோழிக்கு மூச்சுக்குழாய் நோய் வராமல் என்ன செய்யும்?

ஒரு கோழிக்கு 2 சதுர அடி, அடையும் குச்சியில் 20 சென்டிமீட்டர், நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி. குச்சி பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி எச்சமிடும்.

ஊரில் பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) போட்டுத்தானே வளர்த்தோம், இவ்வளவும் எதற்கு?

நாலைந்து நாட்டுக்கோழிக்கு இன்றும் பஞ்சாரம் போதும், இரவில் அதை வீட்டுத் திண்ணையில் வைத்தால். இருபது, முப்பது என்று போகும்போதுதான் கூண்டு.

ஆட்டை எந்த நேரம் வெளியே விடுவது?

பனி காய்ந்த பிறகு. குடற்புழுவின் இளம்புழு ஈரப் புல்லில்தான் மேலே ஏறும். மேய்ச்சல் நிலத்தை வேலியால் மூன்று, நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால் இன்னும் நல்லது. புல்லை ஒட்டக் கடிக்கும் அளவுக்கு ஒரே இடத்தில் விடாதீர்கள்.

ஊரில் கட்டுகிறார்கள், நான் இங்கே இருக்கிறேன். சரியாகக் கட்டினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டி முடித்ததும் வரும் படம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மாலை போட்டு, சாம்பிராணி காட்டி எடுத்தது. அதை விடுங்கள். பரண் இடைவெளியில் அளவுகோல் வைத்துப் படம் கேளுங்கள், ஒரே இடத்தில் இல்லாமல் நாலு மூலையிலும். கூரை விளிம்பிலிருந்து சுவர் வரை நாடா பிடித்து ஒரு படம். கதவைச் சாத்தி, அடியில் கையை நுழைத்து ஒரு காணொளி. பரணுக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்னொன்று.

கொத்தனாருக்குக் கடைசித் தவணையை ஐப்பசி வரை நிறுத்திவையுங்கள். முதலிலேயே பேசி வைத்தால் மனத்தாங்கல் வராது. நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் காலை, ஆடு படுத்து எழுந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் மீதிப் பணத்தை அனுப்பிவிடலாம்.